வீட்டுக் கணினிக்கு ஒரு காவற்சுவர்

(தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த தாய்மாரே, தந்தைமாரே, வாசிகசாலைத் தம்பி தங்கைமாரே,

ஞாயிற்றுக்கிழமை என்றால் உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேரே விசயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக இந்த இடத்தில் நாம் போசாக்கைப் பற்றிப் பேசுவோம், மலசலகூடச் சுத்தத்தைப் பற்றிப் பேசுவோம், சேமலாப நிதிப் படிவம் நிரப்புவதைப் பற்றிப் பேசுவோம். இந்த மாதம் கணினியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் மேற்பிரிவு அம்மா ஒருவர் எம்மை வழியில் நிறுத்தினார். "ஐயா, அது எங்களுக்கு என்னாத்துக்கு? புள்ளதானே அதப் பாக்குது" என்றார்.

நாம் திருப்பிக் கேட்டோம்: "அம்மா, அந்தக் கணினிக்குக் காசு கட்டினது யாரு?"

அவர் சிரித்துவிட்டார். தீபாவளி முற்பணம் எடுத்தது அவர். சீட்டுப் போட்டது அவர். மீதியைக் கொழும்பில் வேலை செய்யும் மூத்த மகன் அனுப்பினான். 2020ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்று படித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் எமது லயங்களிலும் பாவித்த மடிக்கணினிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இன்று அந்தப் பெட்டிக்குள் பிள்ளையின் உயர்தரப் பாடக் குறிப்பு இருக்கிறது, பல்கலைக்கழக விண்ணப்பம் இருக்கிறது, அடையாள அட்டையின் படம் இருக்கிறது, சில வீடுகளில் வங்கிக் கணக்கின் வழியும் அதிலேதான் இருக்கிறது. அது கெட்டுப் போனால் போவது தகரமும் கம்பியும் மட்டுமல்ல. அம்மா கொழுந்து பறித்த காசும் பிள்ளையின் ஒரு வருசப் படிப்பும் சேர்ந்து போகும்.

ஆகவே பயர்வோல் என்று சொல்கிறார்களே, அது என்ன, அதைக் காசு கொடுக்காமல் எப்படித் தெரிந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

சுவர் என்றால் என்ன?

பயர்வோல் என்றால் தீயைத் தடுக்கும் சுவர். கட்டடம் கட்டுகிறவர்கள் வைத்த பெயர் அது. லயத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அது மேலால் ஓடி அடுத்த காம்பராவுக்குப் போய்விடுகிறது. சுவர் முழுதாக இருந்திருந்தால் தீ அங்கேயே நின்றிருக்கும். கணினிக்காரர்களும் இதே பெயரை எடுத்துக் கொண்டார்கள்.

ஒவ்வொரு கணினியிலும் இணையத்துக்கென்று இலக்கம் போட்ட கதவுகள் இருக்கின்றன. போர்ட் என்று சொல்லுவார்கள். எமது லயத்தில் பத்துக் கதவு இருபது கதவு என்றால், கணினியில் 65,535 வரை இலக்கம் உண்டு. கதவு என்றால் மரக்கதவு அல்ல, கணக்குக்கு ஒரு இலக்கம், அவ்வளவுதான். சில மென்பொருட்கள் ஏதாவது ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று காத்திருக்கும். இணையத்தில் திரியும் கெட்ட நிரல்கள் இரவு பகலாக ஒவ்வொரு கணினியாகத் தட்டிப் பார்க்கும். திறந்த கதவில் பலவீனம் இருந்தால் உள்ளே நுழைந்துவிடும்.

பயர்வோல் செய்கிற வேலை இலேசானது. நீங்கள் கூப்பிட்டு வந்தவனை உள்ளே விடும். கூப்பிடாமல் வந்தவனை வெளியே நிறுத்தும். பிள்ளை ஒரு பாட வீடியோவைத் திறந்தால், அது நாம் கூப்பிட்டது. அந்தப் பதில் தடையில்லாமல் உள்ளே வரும். யாரும் கேட்காமல் எங்கிருந்தோ ஒன்று வந்து கதவைத் தட்டினால் திறக்காது.

இது ஏன் கட்டாயம் ஆயிற்று?

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டு வின்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதற்குள்ளேயே ஒரு பயர்வோல் இருந்தது. ஆனால் அதை அணைத்து வைத்தே கொடுத்தார்கள். அப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. 2003 ஓகஸ்ட் மாதம் பிளாஸ்டர் என்ற புழு உலகமெங்கும் பரவியது. மின்னஞ்சலைத் திறக்கத் தேவையில்லை, எதையும் அமுக்கத் தேவையில்லை. இணையத்தில் தொடுத்து வைத்திருந்தாலே போதும், வந்துவிடும். திரையில் ஒரு நிமிடக் கணக்கு ஓடும், பிறகு கணினி தானாக நின்றுவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு முந்திய மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் மக்கள் இலவச பயர்வோல்களைத் தேடி ஓடினார்கள். சோன்அலார்ம், கெரியோ, சைகேட் என்றெல்லாம் பெயர்கள் பிரபலமாயின. 2004 ஓகஸ்டில் வந்த பெரிய திருத்தத்தோடு மைக்ரோசொப்ட் தன்னுடைய பயர்வோலைத் தானாகவே இயங்கும்படி வைத்துவிட்டது. அன்று முதல் இன்றைய வின்டோஸ் 11 வரை, வின்டோஸ் கணினி வாங்கினால் பயர்வோலும் கூடவே வருகிறது.

2017 மே மாதம் வந்த வோனாகிரை என்பதையும் சொல்ல வேண்டும். அது 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, காசு கட்டினால்தான் திறப்பேன் என்று அது கேட்டது. அது நுழைந்தது 445ஆம் இலக்கக் கதவால். அதற்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. ஆகவே சுவரும் வேண்டும், சுவரில் வெடிப்பு வந்தால் பூசுகிற திருத்தமும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று உதவாது.

நாம் பட்ட பாடு

மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற நாமே ஏமாந்த கதையை மறைக்காமல் சொல்கிறோம். 2021இல் எமது மகளுக்காக டவுனில் ஒரு கடையில் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தோம். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் திரை முழுக்கச் சிவப்பாக ஓர் அறிவித்தல் வந்தது. "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது. இலவச பயர்வோலை இப்போதே இறக்குங்கள்" என்று இருந்தது. இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் எமக்கும் சந்தோசந்தான். அமுக்கினோம். இறங்கியது.

அன்றைக்கே அது முந்நூற்றுச் சொச்சம் பிழைகளைக் கண்டுபிடித்ததாகக் காட்டியது. அவற்றைச் சரிசெய்யக் காசு கேட்டது. கணினி ஆமையாகிவிட்டது. மாதம் முழுக்க வர வேண்டிய டேட்டா நாலு நாளில் தீர்ந்தது. மகளுக்கு அடுத்த கிழமை தவணைப் பரீட்சை. "அப்பா, என் நோட்ஸ் எல்லாம் போயிருச்சா?" என்று அவள் கேட்டபோது எம்மிடம் பதில் இல்லை.

கீழ்ப்பிரிவில் இருந்து தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும் தம்பி ஒருவர் வந்து, இரண்டு இரவு உட்கார்ந்து அதைத் துடைத்துத் தந்தார். நோட்ஸும் தப்பியது. வேலை முடிந்ததும் அவர் ஒரு விசயத்தைக் காட்டினார். வின்டோஸின் சொந்த பயர்வோல் அணைந்து கிடந்தது. களவு மென்பொருட்களை ஏற்றுவதற்காகக் கடையிலேயே அதை அணைத்திருக்கிறார்கள். "ஐயா, சுவர் உள்ளுக்கே இருந்திச்சு. அத எழுப்பாம, வெளியில இருந்து திருடனையே காவலுக்குக் கூட்டியாந்துட்டீங்க" என்றார் தம்பி. அந்தப் பேச்சு இன்றைக்கும் எமக்குச் சுடுகிறது.

முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள்

ஆகவே நாம் சொல்கிற முதல் விசயம், முக்கியமான விசயம் இதுதான். வீட்டுக் கணினிக்கு வேண்டிய இலவச பயர்வோல் அநேகமாக அதற்குள்ளேயே இருக்கிறது. தேடிப் போக வேண்டாம். அது எழுந்து நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வின்டோஸ் 10, 11 என்றால் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி "வின்டோஸ் செக்கியூரிட்டி" என்று தேடுங்கள். அதற்குள் "பயர்வோல் அன்ட் நெட்வேர்க் புரொடெக்ஷன்" என்று இருக்கும். உள்ளே போனால் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று வரிகள் தெரியும். மூன்றுக்கும் "ஒன்" என்று காட்ட வேண்டும். ஏதாவது ஒன்று "ஓப்" என்று இருந்தால் அதைத் தொட்டு இயக்குங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு சதம் செலவில்லை.

பிரைவேட் என்றால் நம்பிக்கையான வீட்டு இணைப்பு. பப்ளிக் என்றால் பொது இடத்து இணைப்பு. போனில் இருந்து டேட்டா எடுத்தாலும், டவுனில் எங்காவது வைபையில் சேர்ந்தாலும் பப்ளிக் என்றே வையுங்கள். அதில்தான் இறுக்கம் கூட.

அப்பிள் கணினி வைத்திருக்கிறவர்கள் இங்கு குறைவு. வைத்திருந்தால் அதிலும் பயர்வோல் உண்டு, ஆனால் நீங்களே அதை இயக்க வேண்டும். பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிற தம்பிமாரும் கவனியுங்கள். அதன் மெனுவில் பயர்வோலுக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதுவும் அணைந்த நிலையில்தான் வரும். ஒரு தட்டுத் தட்டினால் இயங்கும்.

வேறொன்று வேண்டுமென்றால்

வின்டோஸின் பயர்வோலில் ஒரு குறை உண்டு. ஸ்டோர் வாசலில் நிற்கிற வாச்சரைப் பாருங்கள். உள்ளே வருகிறவரை மறித்து, யார் என்று கேட்பார். வெளியே போகிறவரை எல்லா வாச்சரும் மறிப்பதில்லை. வின்டோஸ் பயர்வோலும் வழக்கமாக அப்படித்தான். உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதை விட்டுவிடும். ஏதாவது ஒரு மென்பொருள் எமக்குத் தெரியாமல் வெளியே தகவல் அனுப்பினாலும், டேட்டாவைத் தின்றாலும் அது கேட்காது. இதைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர்களுக்குத்தான் வேறு இலவச பயர்வோல் தேவைப்படுகிறது.

டைனிவோல் என்று ஒன்று இருக்கிறது. சின்ன மென்பொருள். பழைய கணினிக்குப் பாரமில்லை. அடிக்கடி கேள்வி கேட்டுத் தொல்லை கொடுக்காது. நீங்கள் அனுமதித்த மென்பொருட்களை மட்டும் வெளியே போக விடும், மற்றதை நிறுத்தும். சிம்பிள்வோல் என்பதும் அந்த வகைதான். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம். ஆனால் அதைப் பாவிக்கக் கொஞ்சம் விசயம் தெரிந்திருக்க வேண்டும். கொமோடோ என்பது பெரியது, பலமானது, ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்கும். ஆரம்பத்தில் வாசித்துப் பார்த்துப் பதில் சொல்லுவோம். பத்தாவது கேள்வியில் அலுத்துப்போய் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று அமுக்கி விடுவோம். வாசிக்காமல் சரி சொல்கிற வீட்டில் அந்தக் காவலும் வீண்தான்.

எதைத் தெரிந்தெடுத்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

முதலாவது, எங்கிருந்து இறக்குகிறோம்? செய்தவருடைய சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். தானாக முன்னால் வந்து நிற்கிற விளம்பரத்தில் இருந்து ஒருநாளும் வேண்டாம். கூவி விற்கிற மருந்தை நாம் பிள்ளைக்குக் கொடுப்பதில்லையே.

இரண்டாவது, இப்போதும் யாராவது அதைத் திருத்திக் கொண்டிருக்கிறார்களா? நாம் முன்பு சொன்ன சைகேட் நல்ல பெயர் வாங்கிய பயர்வோல். 2005இல் வேறொரு கம்பனி அதை வாங்கியது, பிறகு அது நிறுத்தப்பட்டது. நேற்றைய நல்லது இன்றைக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, எமது கணினி தாங்குமா? நாலு ஜீபி நினைவகம் உள்ள பழைய கணினியில் பெரிய மென்பொருளை ஏற்றினால், சின்னக் கன்றில் பெரிய மூட்டையை வைத்த மாதிரிதான்.

நான்காவது, அது கேட்கிற கேள்வி வீட்டில் யாருக்காவது விளங்குமா? விளங்காவிட்டால் வேண்டாம்.

ஐந்தாவது, கூடவே வேறு ஏதாவது வருகிறதா? ஏற்றும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அமுக்கிக்கொண்டே போகாதீர்கள். சில இலவசப் பொருட்கள் பக்கத்தில் இன்னொன்றையும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கட்டத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இரண்டு முழு பயர்வோலை ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஒரு வாசலில் இரண்டு வாச்சர் நின்று ஆளுக்கொரு கட்டளை போட்டால் வீட்டுக்காரனே உள்ளே போக முடியாது. புதியதை நீக்கிவிட்டால், வின்டோஸ் பயர்வோல் மறுபடி இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

டேட்டா மிச்சம் பிடிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் வேறு மென்பொருளே தேவையில்லை. போன் இணைப்பில் சேர்ந்த பிறகு, கணினியின் நெட்வேர்க் பகுதியில் அந்த இணைப்பைத் திறந்து "மீட்டர்ட் கனெக்ஷன்" என்பதை இயக்குங்கள். பின்னணியில் இறங்குகிற பல விசயம் குறைந்துவிடும். ஆனால் திருத்தங்களும் தாமதமாகும். ஆகவே மாதத்தில் ஓரிரு தடவை, இரவு டேட்டா இருக்கிறவர்கள் இரவில், அதை அணைத்துவிட்டுத் திருத்தங்களை இறக்கிக் கொள்ளுங்கள்.

சுவரால் ஆகாத காரியம்

சுவர் எல்லாவற்றையும் காக்கும் என்று நினைத்துக் கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கதவை நாமே திறந்து கள்வனைக் கூப்பிட்டால் சுவர் என்ன செய்யும்?

வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஒருவன் போனில் ஓ.டி.பி. இலக்கம் கேட்கிறான். நாம் சொல்லிவிடுகிறோம். எந்த பயர்வோலும் அதைத் தடுக்காது. கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுக்கப் போன பென்டிரைவில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது வாசலால் வரவில்லை, பிள்ளையின் சட்டைப் பையில் வந்தது. அதற்கு வைரஸ் தடுப்பு வேண்டும். வின்டோஸில் டிபென்டர் என்று அதுவும் இலவசமாகவே இருக்கிறது. களவு மென்பொருளை ஏற்றும்போது "முதலில் பாதுகாப்பை அணை" என்று சொல்லுவார்கள். அப்படிச் சொல்கிற எதையும் நம்பாதீர்கள்.

வின்டோஸ் 10க்கு இலவசத் திருத்தங்கள் வழங்கும் காலம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நீடிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தம் வராது. இனிமேல் பாவித்த கணினி வாங்கப் போகிறவர்கள் "இது வின்டோஸ் 11 ஏற்குமா?" என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஏற்காத பழைய கணினியை வீச வேண்டாம். லினக்ஸ் மின்ட் காசில்லாமல் கிடைக்கிறது. படிப்பு வேலைக்கு அது தாராளம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் குறிப்புகளை வேறொரு இடத்திலும் பிரதி பண்ணி வையுங்கள். விதை நெல்லை ஒரே குதிரில் போட்டு வைக்க மாட்டார்கள் என்று எமது பாட்டனார் சொல்லுவார்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்

தம்பி ஒருவர் கேட்டார்: "ஐயா, ஒரு கேம் போட்டேன். பயர்வோல ஓப் பண்ணினாத்தான் ஓடும்ங்குது. என்னா செய்யிறது?"

சுவரை இடிக்கத் தேவையில்லை தம்பி, ஒரு கதவை மட்டும் திறந்தால் போதும். அதே பகுதியில் "அலவ் அன் அப் துரூ பயர்வோல்" என்று இருக்கிறது. அந்த ஒரு விளையாட்டை மட்டும் தெரிந்து, பிரைவேட் என்பதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். விளையாட்டை நீக்கினால் அனுமதியையும் நீக்கிவிடுங்கள்.

அம்மா ஒருவர் கேட்டார்: "போனுக்கும் இந்தச் சுவர் வேணுங்களா?"

தனியாகத் தேவையில்லை அம்மா. சாதாரண அன்ட்ரொய்ட் போனில் பயர்வோல் என்று வருகிறவை அநேகமாக வி.பி.என். என்ற வழியைப் பிடித்துத்தான் வேலை செய்கின்றன. அதாவது உங்கள் போக்குவரத்து முழுவதும் அந்த அப்புக்கூடாகப் போகும். முன்பின் தெரியாதவன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான் அது. போனுக்கு வருகிற திருத்தங்களைப் போடுங்கள், தெரியாத அப்பை ஏற்றாதீர்கள். அது போதும்.

அன்பார்ந்தவர்களே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பிள்ளையைக் கூப்பிட்டு, "அந்தப் பயர்வோலு ஒன்ல இருக்கான்னு காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீசு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று வரியிலும் பச்சைச் சரி அடையாளம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். காசு கொடுத்த உங்களுக்கு அதைக் கேட்கிற உரிமை இருக்கிறது. அம்மா கேட்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளைக்கும் கவனம் வரும். ஏதாவது மோசடியில் அகப்பட்டுவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 101 என்ற இலக்கத்தில் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைப் பிரிவிடம் முறையிடலாம். எமது அலுவலகத்துக்கு வந்தாலும் நாம் உடன் வருவோம். நாமும் ஒருமுறை ஏமாந்தவர்கள்தானே, உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம்.